ஆட்டுரலில் சுபிக்ஷா

சூரங்காட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம் வரும், அதுவும் மோட்டார் நல்லபடியாக ஓடினால். ஓடாவிட்டால் பன்னிரண்டு நாளும் ஆகும், கேட்க நாதி கிடையாது. அதனால் அந்த ஊர் ஜனங்கள் தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்கள். டிரம், குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி, பெயிண்ட் வாளி, கல்யாணச் சீருக்கு வந்த தவலை என்று வாய் திறந்திருக்கிற எதிலும் பிடித்து வைப்பார்கள், பிடித்ததைக் கொட்ட மனசு வராது, பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், காலில் வெள்ளை வரி போட்ட கொசுவுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும் சொல்லுங்கள். அது சாக்கடையை ஏறெடுத்தும் பார்க்காது, நல்ல தண்ணீரில்தான் பிள்ளை பெறும். கடிப்பதும் பகலில்தான். காலையில் ஏழிலிருந்து ஒன்பது, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு, முழங்காலுக்குக் கீழே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும்.

அந்தக் கொசுவை ஒழிப்பதற்குப் பேரூராட்சியில் ஒப்பந்தத்துக்கு எடுத்த ஆட்களில் ஒருத்தி சண்முகக்கனி. ஏழாம் வார்டு அவளுக்கு. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் மருந்துப் புட்டி. வாசலில் நின்று, "யக்கா, தண்ணி பாக்க வந்திருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே இருக்கிற தட்டு, மாடியில் கிடக்கிற டயர், முற்றத்தில் உருண்டு கிடக்கிற சிரட்டை, ஒன்றையும் விடமாட்டாள். டார்ச்சை அடித்ததும் துள்ளித் துள்ளி அடியில் போய் ஒளிகிற புழுவைக் கண்டுவிட்டால் அந்த வீட்டுக்காரி தொலைந்தாள். "தண்ணியக் கொட்டுனா மட்டும் போதாது யக்கா, தேங்கா நார் வச்சு உள்பக்கம் பூராவும் தேய்க்கணும். தண்ணிக்கு மேல ஒரு விரக்கடையில முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும். காஞ்சாலும் சாவாது. ஒரு வருசம் கழிச்சுத் தண்ணி பட்டாலும் பொரிச்சிரும்" என்று ஐம்பது வீட்டிலும் ஐம்பது தடவை சொல்லி, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு, புழு இருந்ததா இல்லையா என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

ஐம்பது வீட்டில் குனிந்து நிமிர்ந்த இடுப்போடு ஐம்பத்தோராவது வீடாகத் தன் வீட்டுக்கு வருகிறவளுக்கு, பின்வாசலுக்குப் போய் இன்னொரு தடவை குனிய உடம்பில் தெம்பு இருக்குமா? தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையிலும் தேதி போட்டாள், 'இல்லை' என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பாயை விரித்துச் சாய்ந்தாள். நம்ம வீடுதானே. வேலைக்குப் போய் வருகிற யாருக்கும் இது புரியும். புரிந்து என்ன செய்ய.

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு ஆட்டுரல் கிடந்தது. முன்னால் குடியிருந்தவர்கள் காலத்தில் போட்டது, குழவி எங்கே போனதென்று தெரியாது, பாதிக் கல் மண்ணுக்குள் இறங்கிவிட்டதால் நாலு ஆள் சேர்ந்தாலும் கவிழ்க்க முடியாது. மழை பெய்தால் அதன் குழியில் தண்ணீர் நிற்கும், பாத்திரம் கழுவினால் தெறித்து நிற்கும். சண்முகக்கனியின் மகள் சுபிக்ஷா, ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு, அம்மா பாயில் சாய்ந்ததும் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்வாசலில் போய் நின்று, அம்மா ஊரெல்லாம் செய்கிற வேலையைத் தானும் செய்யவேண்டும் என்கிற ஆசையில் தினமும் கேட்பாள். "அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா?"

"நாளைக்குப் பாப்போம், போடி."

ஐப்பசி மாசத்தில் இப்படி ஆறு நாளோ ஏழு நாளோ கேட்டாள். ஒரு நாள் கேட்கும்போதே குனிந்து கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டாள், அதை சண்முகக்கனி பாயில் படுத்தபடியே பார்த்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள், மருந்துக் கடை மாத்திரையில் ஒரு நாள், பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ஆறாம் நாள் சுபிக்ஷாவை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிள்ளை போன மூணாம் நாள் விடிந்ததும் சண்முகக்கனி ஒரு காரியம் செய்தாள். காய்ச்சலில் பிள்ளை செத்த வீட்டைச் சுற்றி ஆபீஸிலிருந்து வந்து எல்லாவற்றையும் கிண்டிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம் போனாள். ஆட்டுரலில் டார்ச்சை அடித்தாள். குழி நிறையப் புழு. பழைய பாவாடை ஒன்றை, அது சுபிக்ஷாவின் பாவாடை என்றுகூடப் பார்க்காமல், உள்ளே அமுக்கி அமுக்கித் தண்ணீர் பூராவையும் ஒத்தி எடுத்து மண்ணில் பிழிந்தாள். ஒரு தகரத்தை எடுத்து மேலே மூடினாள். நார் எடுக்கவில்லை, தேய்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் கல்லைத் தேய்க்காமல் விட்டாள். அழுகையும் பயமும் வெட்கமும் ஒன்றாக வந்து நிற்கும்போது யாருக்குத் தேங்காய் நார் ஞாபகம் வரும்.

பத்து மணிக்கு சுகாதார ஆய்வாளர் தவசிமுத்து ஆட்களோடு வந்தார். அந்த வீட்டு அட்டையைப் பார்த்தார். எல்லா வாரமும் 'இல்லை'. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தின் டிரம்மில் நாலு புழு இருந்தது. அது சாக்கடைக் கொசுவின் புழு, இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, சண்முகக்கனிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் புழு என்றால் புழு என்று எழுதிக்கொண்டார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கபுஷ்பத்தின் வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் தங்கபுஷ்பம் என்றால் பிள்ளையைக் கொன்றவள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். சண்முகக்கனியின் புருஷன் கோட்டைச்சாமி, தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவன், அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடக்கப் பழகிக்கொண்டான்.

அவன் பேச்சையும் விட்டுவிட்டான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். அந்த வருசம் கோடை மழையும் இல்லை, ஆடியில் தூறலும் இல்லை. தகரம் காற்றில் ஒரு நாள் பறந்துபோயிற்று, அதை எடுத்து மறுபடி மூட இருவருக்கும் தோன்றவில்லை, கல் வெயிலில் காய்ந்தபடி கிடந்தது.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஒன்பதாம் நாள் காலை ஏழரை மணி இருக்கும், பின்வாசல் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமி தேய்ப்பதை அப்படியே நிறுத்தினான்.

"ஏட்டி கனி, இங்க வா" என்றான். அவன் பேசியே பல மாசம் ஆகியிருந்ததால் அவள் சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். "குனி. என் காலுகிட்டக் குனிஞ்சு கேளு."

குனிந்தாள். கணுக்காலைச் சுற்றி வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று பறந்துகொண்டிருந்தது, அது சுபிக்ஷாவின் குரலில் பேசிக்கொண்டிருந்தது. நூல் கனத்துக்குத்தான் இருந்தது அந்தக் குரல், ஆனாலும் 'பா'வில் வந்து லேசாக இழுக்கிற அந்த இழுப்பு வேறு யாருக்கு வரும்? "அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா?" அது சுற்றி வந்தது, மறுபடி கேட்டது. ஆட்டுரல் பக்கமிருந்து இன்னொன்று வந்தது, அதுவும் அதையே கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டாளாம்ட்டி. வந்து பாக்கலையான்னு கேக்கா" என்றான் கோட்டைச்சாமி. வாயோரம் பற்பொடி நுரை, கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்தது.

சண்முகக்கனிக்கு அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று தெரியும், எந்தச் சாயங்காலத்தில் கேட்டது என்றுகூடத் தெரியும், கெண்டைக்காலைச் சொறிந்த கை கண்முன்னால் வந்து நின்றது. "ஆமா" என்றாள்.

அன்று கோட்டைச்சாமி மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான்.

தெருவுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. பாத்திரம் இரவல் வாங்க வந்தவள் காதில் விழுந்தது, அவள் போய் ஒருத்தியிடம் சொன்னாள், சாயங்காலத்துக்குள் பின்வாசலில் பதினைந்து பேர். யாருக்கும் இது பெரிய திகைப்பாக இல்லை. அந்தக் கொசு ரத்தத்தைக் குடிக்கும்போது வாயில் இருக்கிற சொல்லையும் சேர்த்துக் குடித்திருக்கிறது, அதை முட்டையில் வைத்திருக்கிறது, முட்டை ஒரு வருசம் காய்ந்து கிடந்து இப்போது பொரித்திருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று ரிட்டயரான வாத்தியார் ஒருவர் விளக்கிச் சொன்னார். ஆண் கொசு ரத்தம் குடிக்காது, அதனால் அதற்குப் பேச்சும் கிடையாது என்று சொன்னபோது, "வீட்டுல உள்ளது மாதிரித்தான்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி, செத்த வீட்டில் ஒரு வருசத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு அதுதான்.

பிறகு அதற்கென்று ஒரு முறைமை வந்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் வருவார்கள், செருப்பை முன்வாசலில் விடுவார்கள், சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆட்டுரலைச் சுற்றி உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். கொசு பசியாறவேண்டுமே. கடிக்கும்போது பேசக்கூடாது, பேசினால் நம் சொல் அதில் ஒட்டிக்கொண்டு பிள்ளையின் குரல் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் உதட்டை மடித்துக்கொண்டு சொறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் கொசு அடிக்கிற மட்டையை எடுத்து யாரும் வீசவில்லை. கொசுவர்த்தி வாங்குவதை நிறுத்தினார்கள். மகனை விபத்தில் தொலைத்த ஒருத்தி, புருஷனை சாராயத்துக்குக் கொடுத்த ஒருத்தி, அம்மாவைப் பறிகொடுத்த பெண்பிள்ளைகள், எல்லோரும் தங்கள் வீட்டில் பழைய தொட்டியைத் தேடி எடுத்துத் தண்ணீர் ஊற்றித் திறந்து வைத்துவிட்டு, எட்டு நாள் கழித்துக் காதைக் கொண்டுபோய்க் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வெறும் கொசுதான், அதன் வாயில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தார்கள், பாவம்.

புகை மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆள் தெருமுனையில் விசயத்தைக் கேட்டதும், இழவு வீட்டைத் தாண்டும்போது கல்யாண மேளத்தை நிறுத்துகிற மாதிரி, மெஷினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நடந்துபோய் அடுத்த தெருவில் போட்டான். தவசிமுத்து சார் ஒரு நாள் சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தார். எழுந்துபோகும்போது, "எங்க அம்மா டவுன் ஆஸ்பத்திரியில கட்டில்லயே போயிட்டா. அங்க ஏதும் தண்ணி நின்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். நோட்டீஸ் எழுதுகிற நோட்டை எடுக்கவே இல்லை.

கோட்டைச்சாமி தீப்பெட்டி ஆபீஸுக்கு அரைநாள்தான் போனான். மிச்ச நேரமெல்லாம் ஆட்டுரலின் விளிம்பில் உட்கார்ந்து, குழியில் தண்ணீர் குறைந்தால் சொம்பில் கொண்டுவந்து ஊற்றினான். கொசு ஒழிக்கிறவள் புருஷன், அவனுக்கும் கணக்குத் தெரியும். ஒரு கொசு ஒரு மாசம் இருந்தால் அதிகம், ஆனால் தண்ணீர் மட்டும் வற்றாமல் இருந்தால் அது முட்டை வைக்கும், அந்த முட்டை பொரிக்கும், அதுவும் வைக்கும், அவள் குரல் தீராது. "என் காலம் வரைக்கும் கிடக்கும்" என்று அவன் ஒரு நாள் சந்தோசமாகச் சொன்னான். சண்முகக்கனி காலையில் பையை மாட்டிக்கொண்டு ஐம்பது வீட்டுக்கும் போய், தொட்டிகளைத் திறந்து பார்த்து, புழுவைப் பார்த்து, அந்த வீட்டுக்காரிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துப் புட்டியைத் திறக்காமலே திரும்பினாள். எந்த வாயால் திட்டுவாள்? வீட்டுக்கு வந்தால் நாற்பது கொசு ஒரே கேள்வியைக் கேட்டது. மற்றவர்களுக்கெல்லாம் அது பிள்ளை கூப்பிடுகிற சத்தம். அவளுக்கு மட்டும் அது விசாரணை. அப்படியிருந்தும் நாலு மணிக்கு அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து காலை நீட்டினாள், ஏனென்றால் அது சுபிக்ஷாவின் குரல், அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தெருவில் வராத ஒரே ஆள் தங்கபுஷ்பம். யார் அவளைக் கூப்பிட்டார்கள்? இடையில் இருந்த கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் துணி துவைப்பதும் குழந்தையைக் கொஞ்சுவதும் கேட்கும். குழந்தை ஹரிணிக்கு ஒன்றரை வயசு ஆகியிருந்தது, இரண்டே சொல்தான் பேசும், நாள் பூராவும் அதையே பேசும்.

கார்த்திகை பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். சாயங்காலம். எல்லோரும் உதட்டை மடித்து உட்கார்ந்திருக்க, சண்முகக்கனியின் கணுக்காலில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. "அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா?" என்றது. சொல்லிவிட்டு, அதே மூச்சில், குழறுகிற இன்னொரு குரலில், "தண்ணி தா" என்றது.

அவள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு கொசு வந்தது. சுபிக்ஷா கேட்டாள், அதன் பின்னாலேயே, "தண்ணி தா". பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு கடி வாங்கலாம். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது? கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹரிணி தண்ணீர் கேட்டபடி விளையாடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கத்துக் கொசு போய் அவளிடம் குடித்துவிட்டு வந்திருக்கிறது. சுபிக்ஷாவின் சொல்லை முட்டையில் வைத்த கொசு சுபிக்ஷாவின் காய்ச்சலையும் அதே முட்டையில் வைத்திருக்கும், அப்படி வைப்பது உண்டென்று அவளுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள், பெரியவர்களுக்கு வெறும் உடம்பு வலியோடு போவது பிள்ளைகளுக்கு அப்படிப் போகாது என்றும் சொல்லியிருந்தார்கள். இத்தனை நாளும் பாதி ராத்திரியில் முழித்தாலும் நினைவுக்கு வந்த பாடத்தை அவள்தான் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

எழுந்தாள். காலில் செருப்பில்லாமல் வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு வருசம் கழித்து.

கதவைத் திறந்த தங்கபுஷ்பம் பயந்துதான் போனாள். "மதினி, நான் டிரம்மெல்லாம் கழுவித்தான் வச்சிருக்கேன். வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"அது இல்லம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கா?"

"நல்லாத்தான வெளயாடுதா?"

"இன்னும் நாலு நாள்ல வரும். வந்தா மாத்திரை குடுத்துக்கிட்டு இருக்காத. தொட்டுப் பாக்கையில சூடு தெரிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரு. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. தண்ணி குடுத்துக்கிட்டே இரு. ஆட்டோவுக்கு நான் சொல்லிவைக்கேன்."

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள். "யாரு சொன்னா?"

"எம் மக சொன்னா" என்றாள் சண்முகக்கனி.

மூன்றாம் நாளே காய்ச்சல் வந்தது. தங்கபுஷ்பம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும், சண்முகக்கனி வீட்டுக்குள் வந்து ஒரு தேங்காயை உரித்து, நாரைக் கையில் எடுத்துக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு பின்வாசலுக்குப் போனாள். காலை எட்டு மணி. சுற்றி ஆட்கள். கோட்டைச்சாமி ஆட்டுரலின் மேல் உட்கார்ந்திருந்தான், அவள் கையைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"அங்க பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள்.

"அதுக்கு? ஊர்ல வேற கொசுவே இல்லையா? எம் பிள்ளைதான் கிடைச்சாளா ஒனக்கு?"

"எந்திரிங்க."

"ஏற்கெனவே ஒருதரம் குழியில வச்சேன் கனி. இன்னொருதரம் என்னால முடியாது. அந்த வீட்டுக்காரி தண்ணியால போனவள, இன்னைக்கு அந்த வீட்டுக்காரி பிள்ளைக்காகக் கொட்டிரணுமா?"

அவள் நாரைக் கீழே வைத்தாள். அத்தனை பேர் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவ தண்ணியில ஒண்ணும் இல்ல. இந்தக் கல்லுலதான் இருந்துச்சு. நான் அட்டையில பொய் எழுதுனேன். ஒரு வாரம்கூடப் பாக்கல. அவ தினமும் டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்து இங்கனதான் நிப்பா. 'அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா'ன்னு கேப்பா. இந்தக் கல்லப் பாக்கச் சொல்லுவா. நாளைக்குன்னு சொன்னேன். அதத்தான் இதுங்க இப்பவும் கேட்டுக்கிட்டு இருக்கு. அவ நம்மளப் பாக்க வரல. மூணாம் நாள் நான்தான் தண்ணிய ஒத்தி எடுத்துட்டு ஒளிச்சேன். ஒளிச்சேனே தவிர தேய்க்கல. தேய்ச்சிருந்தா இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

கால்களைச் சுற்றிக் கொசுக்கள் கேட்டுக்கொண்டே இருந்தன, இப்போது எல்லோருக்கும் அது வேறு விதமாகக் கேட்டது. நீட்டியிருந்த காலை ஒருத்தி மெல்ல மடக்கிக்கொண்டாள். வாத்தியார் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். கோட்டைச்சாமி அவள் முகத்தையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் கல்லைவிட்டு எழுந்தான். சொம்பை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனான்.

அவள் தேய்த்தாள். பாவாடைத் துணிக்குத் தப்பினதெல்லாம் நாருக்குக் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்தது, எள்ளளவுகூட இல்லாத முட்டைகள், அதில் எத்தனை சுபிக்ஷாவோ. பவுடரைப் போட்டுத் தேய்த்தாள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள், விரல் தோல் வழன்றும் நிறுத்தவில்லை. அழுதுகொண்டேதான் தேய்த்தாள், அதை மறைக்கவும் இல்லை. கடைசியில் ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து ஆட்டுரல் குழியை மேலே வரைக்கும் நிரப்பி, கரண்டியின் பின்புறத்தால் வழித்து மட்டமாக்கினாள்.

முடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது கோட்டைச்சாமி பக்கத்து வீட்டுச் சுவருக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். போன வருசம் ஒட்டின நோட்டீஸில் சொம்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஊறின காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பசை சுண்ணாம்போடு ஒட்டியிருந்தது, லேசில் வரவில்லை.

அன்று பகலே சண்முகக்கனி தன் வீட்டு அட்டையைப் பிய்த்துக்கொண்டுபோய்த் தவசிமுத்து சார் மேஜையில் வைத்தாள். போன வருசத்து ஐப்பசியில் 'இல்லை' என்று இருந்த நாலு வரியையும் அடித்துவிட்டு 'இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "வேலை போயிரும்மா" என்றார். "தெரியும் சார். புகை மெஷின அனுப்புங்க. இந்தத் தடவை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

புகை போட்டார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியைக் கொட்டினார்கள், கொட்டும்போது சிலர் அழுதார்கள். பேச்சே வராத அந்தத் தண்ணீரைக் கொட்டவும் அழுகை வந்தது.

பதினோராம் நாள் ஹரிணியைக் கூட்டிக்கொண்டு தங்கபுஷ்பம் திரும்பினாள். பிள்ளை வற்றலாய்ப் போயிருந்தாள், ஆனால் நடந்துதான் உள்ளே போனாள். தங்கபுஷ்பத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். சுவரில் நோட்டீஸ் இருந்த இடம் வெள்ளையாகச் சுரண்டியிருப்பதைப் பார்த்தாள். சண்முகக்கனி தன் வாசலில் நிற்பதையும் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வேறு என்ன செய்யவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு சண்முகக்கனி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இத்தனை புகைக்கும் தப்பின ஒரு கொசு, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கிடந்ததாக இருக்கும், தள்ளாடிக்கொண்டு வந்து அவள் கணுக்காலில் உட்கார்ந்தது. கிழட்டுக் கொசு. வெள்ளை வரிகூட மங்கிப்போயிருந்தது.

"அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா?"

அவள் காலை அசைக்கவில்லை. சுருக்கென்று ஊசி இறங்கியது. இத்தனை நாளும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடி வாங்கினார்களே, அவள் மூடவில்லை. அதற்குக் கேட்கும்படி குனிந்து, "பாத்துட்டேன்ம்மா. கல்லத் தேய்ச்சுட்டேன்" என்றாள்.

கொசு எழுந்தது. வயிறு கனத்து அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மா, நம்ம வீட்டப் பாக்கலையா என்று மகள் கேட்டாள், பாத்துட்டேன்ம்மா, கல்லத் தேய்ச்சுட்டேன் என்று அம்மா சொன்னாள். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள். ஒரு வருசமாகப் பதில் இல்லாமல் கிடந்த கேள்விக்கு அந்தச் சின்ன உடம்புக்குள் பதில் கிடைத்திருந்தது. வாசல்படியில் கோட்டைச்சாமி வந்து நின்றான். பதினோரு நாளாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், உள்ளே வந்து, ஜன்னல் கதவின் மேல் கையை வைத்தான்.

"அடச்சிரட்டுமா கனி? உள்ளயே கிடக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான?"

அவனுக்கு அந்த ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. தனக்கும் வேண்டும் என்று இருந்தது. வயிறு நிறைந்த கொசு அடுத்து என்ன தேடும் என்று அவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்குத் தெரியும், ஒரு கை தண்ணீர் போதும் அதற்கு.

கொசு மூன்றாவது சுற்றில் அவள் முகத்துக்கு நேரே வந்தது. பாதிக் கேள்வியில் இருந்தது. சண்முகக்கனி இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள்.

பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அவள் கையைப் பிரிக்காமல் நின்றாள், கோட்டைச்சாமி பக்கத்தில் வந்து அந்த இரண்டு கையையும் சேர்த்துத் தன் கைகளால் பொத்திக்கொண்டான். கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹரிணி, "தண்ணி தா" என்று கேட்டாள், தங்கபுஷ்பம் குடத்தைச் சாய்க்கிற சத்தம் கேட்டது.